தோண்டிய கைகளும் புதைந்த வரலாறும்

1863ஆம் ஆண்டு மே 30 அன்று, பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழிக்கு அருகே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவி. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்றுதான் தொடங்கியது என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஃபூட் தொல்லியல் துறைக்காரர் அல்லர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் சாந்தி பப்புவின் குழு அறிவித்தது.

ஃபூட்டின் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சரளைக் குழியை வெட்டியவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. மண்ணைப் புரட்டிப் போட்டவர்கள் கூலிகள். அதைக் குனிந்து எடுத்தவர் வரலாற்றில் நின்றார். சுரங்கமும் தொல்லியலும் சந்திக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். தோண்டியது யார், பெயர் பெற்றது யார், லாபம் அடைந்தது யார், அழிந்தது யாருடைய வரலாறு?

அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் ஏலத்தை மக்கள் முறியடித்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு சட்டம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், அடுத்த மலைக்கு நாம் இப்போதே தயாராக வேண்டும் என்பது புரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மேலூர் மலைகள் சொல்வது

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இருபுறமும் பாறைக் குன்றுகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கல். கிரானைட் வியாபாரிக்கு அது கன மீட்டர் கணக்கு. அந்தக் குன்றுகளின் குகைத்தளங்களில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகள் இருக்கின்றன.

மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் இருக்கும் தமிழி கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்தார். அவை தமிழ் மொழியில் உள்ளவை என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நடுவில் 42 ஆண்டுகள் அந்த எழுத்து எந்த மொழி என்றே தெரியாமல் கிடந்தது. இன்று அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும், கணி நந்தன் என்ற துறவியின் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் அவற்றில் வருகின்றன. ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த 42 ஆண்டுகளுக்குள் யாராவது அந்தப் பாறைக்கு வெடி வைத்திருந்தால், தமிழ் எழுத்தின் வரலாற்றில் என்ன இழந்தோம் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. புதைந்த, படிக்கப்படாத, அறிவிக்கப்படாத சான்றுகளின் கதி அதுதான். அவை அழிந்தால் அழிந்த செய்தியும் சேர்ந்தே அழியும்.

அரிட்டாபட்டிக் குன்றில் சமணர் குகைத்தளம் இருக்கிறது. அதில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன. 2003இல்கூட அங்கே இன்னொரு தமிழிக் கல்வெட்டு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் ஏறி இறங்கிய வட்டாரத்தில் ஒரு கல்வெட்டு 2003 வரை யார் கண்ணிலும் படவில்லை என்றால், மண்ணுக்கு உள்ளே இருப்பதைப் பற்றி என்ன சொல்வது?

பக்கத்து அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பகுதிக் குகையில் இருக்கும் பெயர்கள் இன்னும் முக்கியமானவை. அங்கே கொடை கொடுத்தவர்களில் உப்பு வணிகர் இருக்கிறார். துணி விற்றவர் இருக்கிறார். கலப்பைக் கொழு விற்றவர் இருக்கிறார். பொற்கொல்லர் இருக்கிறார். ஊர், தொழில், பெயர் ஆகியவற்றால் மனிதர்கள் அறியப்படுகிறார்கள். உப்பு விற்றவரும் கொழு விற்றவரும் தங்கள் பெயரைக் கல்லில் எழுதிவைக்க முடிந்த ஒரு காலம் இங்கே இருந்தது என்பதற்கு அந்தப் பாறைதான் சாட்சி. ‘ஆண்ட பரம்பரை’ கதை பேசுகிறவர்களுக்கு இந்தச் சாட்சி தேவைப்படாது. நமக்குத் தேவை.

கிரானைட் விழுங்கிய காலம்

டங்ஸ்டனுக்கு முன்பே இந்த வட்டாரத்தைக் கிரானைட் தின்றது. கீழவளவு, திருவாதவூர் என்று சமணத் தடயங்கள் உள்ள ஊர்களைச் சுற்றித்தான் குவாரிகள் வெட்டப்பட்டன. 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். சில நாட்களில் இடமாற்றம் செய்யப்பட்டார். 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

அந்த விவாதம் முழுவதும் ரூபாய்க் கணக்கிலேயே நடந்தது. கண்மாய்கள் மூடப்பட்டது ஓரளவு பேசப்பட்டது. சரளையோடும் கழிவுக் கல்லோடும் வாரிக் கொட்டப்பட்ட மண்ணில் எத்தனை முதுமக்கள் தாழிகள் நொறுங்கின என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. குவாரிக்குள் இறங்கிக் கல் உடைத்தவர்கள் யார், அவர்கள் நுரையீரலில் எவ்வளவு தூசு என்பதும் பெரிதாகப் பேசப்படவில்லை. இந்த இரண்டு மௌனங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. குவாரியில் வேலை செய்கிறவரின் உயிருக்கு மதிப்பில்லாத இடத்தில், அவருடைய முன்னோரின் எலும்புக்கு எங்கிருந்து மதிப்பு வரும்?

அரிட்டாபட்டி மக்கள் அந்தக் காலத்திலேயே தங்கள் மலையைக் குவாரிக்கு விடாமல் தடுத்தார்கள். அந்த அனுபவம்தான் பின்னால் கை கொடுத்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

பத்து சதவீத வாதம்

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு 2,000 ஹெக்டேருக்கும் மேல். 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் திருத்தத்தின் விளைவுதான் இது.

கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது ஒன்றிய சுரங்க அமைச்சகம் சொன்ன பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். மொத்தப் பரப்பில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் சுமார் பத்து சதவீதம்தான், அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று நிலவியல் ஆய்வுத் துறையைப் பார்க்கச் சொல்கிறோம் என்றார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். அதுதான் அதன் ஆபத்து. அறிவிக்கப்பட்ட இடம் புனிதம், அறிவிக்கப்படாத இடம் வெறும் நிலம் என்பதே இந்த வாதத்தின் அடிப்படை. குகைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டு, குகையில் இருந்தவருக்குச் சோறு கொடுத்த ஊரைத் தோண்டலாம். கல்வெட்டில் இருக்கும் வணிகர் நடந்த பாதையைத் தோண்டலாம். அவர்களைப் புதைத்த காட்டைத் தோண்டலாம். ஒரு துண்டைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு மற்றதை லாரியில் ஏற்றும் ஏற்பாடு இது.

மேலூர் மக்கள் அந்தப் பேரத்துக்கு இணங்கவில்லை. முழுத் தொகுதியையும் ரத்து செய் என்றார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதும் ரத்தானது. பத்து சதவீதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் தொண்ணூறு போயிருக்கும். இந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

யூகான் பள்ளத்தாக்கு

‘அனுமதி வாங்கித்தான் செய்தோம்’ என்ற வாக்கியம் எதையெல்லாம் அழிக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாட்சி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், யூகான் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள் இருந்தன. பூட்டு குண்டி குர்ராமா, பினிகுரா என்ற தொல்குடி மக்களின் நிலம் அது. மனிதர்கள் 46,000 ஆண்டுகளாக அங்கே வந்து தங்கியதற்குச் சான்று இருந்தது. 2020 மே 24 அன்று, ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக அவற்றை வெடி வைத்துத் தகர்த்தது.

இது சட்டவிரோதமாக நடக்கவில்லை. 1972ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் 2013இலேயே அனுமதி வாங்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு நடந்த மீட்பு அகழாய்வில்தான் அந்த இடத்தின் உண்மையான மதிப்பு வெளியே வந்தது. சுமார் 7,000 பொருட்கள் கிடைத்தன. மனித முடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழைமையான ஒரு கச்சை கிடைத்தது. அந்த முடியின் மரபணு, இன்று அந்த மண்ணில் வாழும் அதே மக்களோடு பொருந்தியது. இவ்வளவு தெரிந்த பிறகும் அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சட்டத்தில் வழி இல்லை. அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் தொல்குடிகள் மேல்முறையீடு செய்ய முடியாது. சுரங்கத்தை வெட்டுவதற்கு நிறுவனத்திடம் நான்கு திட்டங்கள் இருந்தன. அவற்றில் மூன்று குகைகளைத் தொடாதவை. நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உலகமே கொதித்த பிறகு, தலைமை நிர்வாகியும் இரண்டு உயரதிகாரிகளும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியா புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தை, நில உடைமையாளர்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டி, ஐந்தே வாரத்தில் கைவிடுவதாக அந்த அரசு அறிவித்தது. வெடித்த குகை மட்டும் திரும்பி வரவில்லை.

ஆப்கானிஸ்தானின் மெஸ் அய்னக்கிலும் இதே சிக்கல்தான். காபூலுக்குத் தென்கிழக்கே, பெரும் செம்புப் படிவத்தின் மேல் ஒரு பழைய பௌத்த நகரம் புதைந்திருக்கிறது. விகாரைகள், தூபிகள், செம்பு உருக்கிய பட்டறைகள் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. சுரங்க உரிமை ஒரு சீன நிறுவனத்திடம் போனபோது, தோண்டுவதற்குள் மீட்டுவிட வேண்டும் என்று தொல்லியலாளர்கள் கடிகாரத்தோடு போட்டி போட்டார்கள். அன்று செம்பு எடுத்த உழைப்பாளிகள் கட்டிய நகரத்தை, இன்று செம்புக்காகவே அழிக்கும் நிலை.

சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை

நம் நாட்டுச் சட்டங்களுக்கு வருவோம். ஒன்றிய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டமும், தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைப் பாதுகாக்கின்றன. ஒன்றியப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 1992 அறிவிக்கை இந்தக் கட்டுப்பாட்டைச் சுரங்கத்துக்கும் சேர்த்தே சொன்னது.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, பட்டியலில் இல்லாதது சட்டத்தின் கண்ணில் இல்லை. கல்வட்டம், கற்பதுக்கை, தாழிக்காடு, பானையோடு சிதறிக் கிடக்கும் நத்தமேடு ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊர் மக்கள் அவற்றைப் பாண்டவர் குழி, குள்ளர் குகை என்று அழைப்பார்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவை தரிசு, பாறை, புறம்போக்கு. குவாரிக்குக் குத்தகை விட மிக வசதியான வகைப்பாடு அதுதான். நம் சேரிகளின் சுடுகாடும் மேய்ச்சல் தரையும் அதே வகைப்பாட்டில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, இந்த நூறு மீட்டர் விதி எளியவர் மேல் சுலபமாக இறங்கும், வலியவர் மேல் தயங்கும். நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் குடிசையைக் கல் வீடாக மாற்ற நினைப்பவருக்கு நோட்டீஸ் உடனே வரும். பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று ஏழைகளை அப்புறப்படுத்துவதை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்பு என்பது அங்கே வாழ்கிறவர்களைக் காவலர்களாக ஏற்பதில் தொடங்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியிலும் ஒரு சிறு கதவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவத்தில், திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகப் பாதுகாக்கப்பட்ட இடங்கள் உண்டா என்று கேட்கப்படுகிறது. விண்ணப்பிப்பவரே நிரப்பும் படிவம் அது. அவர் எழுதியது சரியா என்று கேட்க மக்களுக்கு இருந்த இடம் பொது விசாரணை. சிறு குவாரிகள் பலவற்றுக்கு ஏற்கனவே அது கிடையாது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கும் பொது விசாரணை தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உள்ள கனிமம். அரிட்டாபட்டியில் மக்கள் ஜெயித்து எட்டு மாதத்தில் வந்த பதில் இது.

நம்முடைய தடயங்கள்

‘தொல்லியலுக்கும் தலித் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நூற்றாண்டுக்கு முன்பே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்றும், அவர்கள் வரலாறு திட்டமிட்டு மறைக்கப்பட்டது என்றும் வாதிட்டார். 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அந்தத் தேடலைத்தான் நடத்தியது. அவருடைய முடிவுகள் ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வரலாறு மேட்டுக்குடியின் ஏட்டில் மட்டும் இல்லை, மண்ணிலும் மக்களின் நினைவிலும் இருக்கிறது என்ற அவருடைய வழி நமக்கான வழி.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலை புத்தர் சிலைதான் என்று, தொல்லியல் நிபுணர் குழுவின் ஆய்வை ஏற்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலை அங்கேயே இருந்ததால்தான் உண்மையை நிரூபிக்க முடிந்தது. ஜல்லி மெஷினுக்குள் போயிருந்தால் எந்த நீதிமன்றம் என்ன செய்யும்?

சுரங்கமே நம் வரலாறாக இருக்கும் இடமும் உண்டு. கோலார் தங்கவயல். 1802இல் ஜான் வாரன் அங்கே போனபோது, மாரிக்குப்பத்தில் உள்ளூர் மக்கள் குழி வெட்டித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயக் கம்பெனி ஆழமான சுரங்கங்களை வெட்டியது. அவற்றுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தலித் மக்கள். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிப் போன அந்த மக்கள், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கங்களை நடத்தினார்கள். பண்டிதருக்குப் பிறகு ‘தமிழன்’ இதழ் 1926இல் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் மறுபடி வந்தது தங்கவயலிலிருந்துதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் நிற்கின்றன. பழைய குழிகள், தொழிலாளர் லைன் வீடுகள், சங்கக் கட்டடங்கள் ஆகியவற்றில் எதைப் பாரம்பரியம் என்று பதிவு செய்திருக்கிறோம்? அரண்மனைக்குக் கிடைக்கும் மரியாதை லைன் வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

செய்ய வேண்டியவை

தோழர்களே, சுரங்கமே வேண்டாம் என்று எல்லா இடத்திலும் சொல்வது நம் நிலைப்பாடு இல்லை. நம் மக்களில் பலருக்கு அதுதான் கூலி. தோண்டுவதற்கு முன்பு பார்க்க வேண்டும், பார்ப்பதில் எங்களுக்கும் இடம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு நாம் இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஊர் வரைபடம். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள கல்வட்டம், தாழி தெரியும் இடம், நத்தமேடு, நடுகல், பழைய சுடுகாடு ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு குறியுங்கள். படம் எடுங்கள். எதையும் தோண்டாதீர்கள், எடுத்து வராதீர்கள். இடம் மாறிய பானையோடு பாதி சாட்சியை இழந்துவிடும். ஆடு மேய்க்கும் பாட்டியிடமும் கிணறு வெட்டியவரிடமும் முதலில் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அலுவலகத்தில் இருக்காது.

இரண்டு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களில் ஒரு நாளில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அரிட்டாபட்டிப் போராட்டத்துக்கு முதல் ஆயுதம் அதுதான். ஏலம் வந்த பிறகு போடும் தீர்மானத்தைவிட, வருவதற்கு முன்பு போட்ட தீர்மானத்துக்கு எடை அதிகம். சேரியின் இடங்களும் பட்டியலில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

மூன்று, மனு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கக் கோரி மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். வட்டாரத்தில் எந்தெந்தச் சர்வே எண்களுக்குக் குவாரிக் குத்தகை நிலுவையில் உள்ளது என்று கனிமவளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நான்கு, தொழிலாளர்கள். குழியில் முதலில் பார்ப்பது அவர்கள்தான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. இது பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தெரியாது. தெரிவித்தால் வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயம்தான் இருக்கிறது. தகவல் சொன்ன தொழிலாளியின் பெயரையும் கூலியையும் காக்கும் விதி வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். வேலை நிறுத்தப்படும் நாட்களுக்குக் குத்தகைதாரர் கூலி தர வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கையில் சேர வேண்டும்.

ஐந்து, சட்டத் திருத்தம். எந்தக் குத்தகைக்கும் முன்பு, நிறுவனத்தின் காசில் ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத தொல்லியல் கள ஆய்வு கட்டாயம் என்று விதி வேண்டும். அனுமதிக்குப் பிறகு புதிய சான்று கிடைத்தால் அனுமதி தானாக நிற்க வேண்டும். பறிக்கப்பட்ட பொது விசாரணை திரும்ப வேண்டும்.

பல்லாவரத்துச் சரளைக் குழியை வெட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அடுத்த குழியில் மண்வெட்டி ஒரு தாழியின் விளிம்பில் படும்போது, அதைப் பிடித்திருப்பவர் வேலையை நிறுத்திக் கை தூக்க வேண்டும். அப்படித் தூக்கிய பிறகும் மறுநாள் அவருக்கு வேலை இருக்க வேண்டும். முதலில் பார்த்தவர் என்று அவருடைய பெயர் அறிக்கையில் அச்சாக வேண்டும். அதுவரை நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.